குமரிக் கடலில் கேசினோ கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்தின் விடுதி உரிமையாளர்களுக்கும் வணிகப் பெருமக்களுக்கும்,

வணக்கம்.

நம் ஊர்ச் சுற்றுலாவைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இப்போதெல்லாம் ஒரு யோசனை கூடவே வந்துவிடுகிறது. கோவாவில் இருப்பதுபோல ஒரு கேசினோ கப்பலை, அதாவது சூதாட்டக் கப்பலை, இங்கே நிறுத்த அரசிடம் அனுமதி வாங்க வேண்டும், அது வந்துவிட்டால் வெளிமாநிலப் பணக்காரர்கள் வருவார்கள், அறைகள் நிரம்பும், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்கிறீர்கள். இதைச் சொல்பவர்களில் சிலர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள், நல்லவர்கள். "கடலில் நிற்கிற கப்பல்தானே அண்ணாச்சி, கரையில் இருக்கிறவனுக்கு என்ன கெடுதல்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உங்கள் குறை நியாயமானது. விடியற்காலையில் சூரிய உதயம் பார்க்கிறார்கள், படகில் பாறைக்குப் போய் வருகிறார்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே திருவனந்தபுரத்துக்கோ ராமேஸ்வரத்துக்கோ வண்டி கிளம்பிவிடுகிறது. 2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். பார்க்கக் கூட்டம் வருகிறது, ராத்தங்கும் கூட்டம் அந்த அளவுக்கு இல்லை. சபரிமலை சீசனும் கோடை விடுமுறையும் போனால் பல விடுதிகளில் ஊழியர் சம்பளத்துக்கே திண்டாட்டம். இதையெல்லாம் மறுத்து நான் ஒரு வரிகூட எழுதப் போவதில்லை.

வள்ளுவர் நிற்கிற ஊரில் சூதாட்டமா என்ற கேள்வியையும் நான் வைக்கவில்லை. அதை மேடைகளில் நிறையப் பேர் கேட்பார்கள். நான் கணக்குப் பேச வந்திருக்கிறேன். வேலைபார்த்த காலத்தில் பெரும்பகுதியை ஒரு கூட்டுறவு நிறுவனத்தின் நகைக்கடன் பிரிவில் கழித்தவன். இந்த மாவட்டத்துக் குடும்பங்களின் உள்நிலவரத்தை அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் நகை சும்மா அலங்காரத்துக்கு இல்லை. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் நம் மாவட்டத்தில் இரண்டு வகை. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்குப்படி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்குப்படி ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பள்ளிக்கூடம் திறப்பதும் இதே நேரத்தில்தான். பீஸ் கட்ட வளையல் உள்ளே போகும், கடல் திறந்து மீன் பட்டால் வெளியே வரும். ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு மழைக்காலத்தில் அப்படி. முந்திரி ஆலைக்குப் போகும் பெண்களுக்கு ஆலை அடைத்துக் கிடக்கும் வாரங்களில் அப்படி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்துப் போட்ட பிறகு எத்தனை வீடுகள் அந்த நகையை வைத்து எழுந்து நின்றன என்பது கடற்கரை ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வருமானம் நின்று நின்று வருகிற ஒரு மாவட்டத்தில் வீட்டுப் பெண்ணின் கழுத்தில் கிடப்பதுதான் காப்பீடு.

சூதாட்டத்துக்கு வைத்த நகை இந்தச் சுழற்சியில் சேராது. அது திரும்பி வருவதில்லை. ஆன்லைன் ரம்மி பரவிய வருடங்களில் இதை நான் கண்ணால் கண்டேன். வழக்கமாக நகை வைக்க கணவனும் மனைவியுமாக வருவார்கள், இல்லாவிட்டால் அம்மா வருவாள். அந்தக் காலத்தில் இளைஞர்கள் தனியாக வர ஆரம்பித்தார்கள். வட்டி விகிதம் கேட்க மாட்டார்கள், திருப்ப வேண்டிய தேதி கேட்க மாட்டார்கள், பணம் எத்தனை மணிக்குக் கணக்கில் ஏறும் என்று மட்டும் கேட்பார்கள். பிறகு ஏல நோட்டீஸ் வீட்டுக்குப் போன நாளில்தான் மனைவிக்கு விஷயமே தெரியும். அந்தப் பெண்கள் எங்கள் மேசை முன்னால் நின்றதை நான் இங்கே விவரிக்க விரும்பவில்லை. பல உயிர்கள் போன பிறகே 2022-ல் ஆன்லைன் சூதாட்டம் பற்றி ஆராய நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழக அரசு குழு அமைத்தது. சட்டசபை நிறைவேற்றிய தடை மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, மறுபடியும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் சட்டமானது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடுக்கும் சட்டத்தை மத்திய அரசும் கொண்டுவந்தது. போனில் ஆடியதற்கே இவ்வளவு போராட வேண்டியிருந்தது. இப்போது நீங்கள் அதே விஷயத்தை விளக்கும் இசையும் சாப்பாடும் வைத்து, அரசு முத்திரையோடு கேட்கிறீர்கள்.

"வெளியூர்க்காரன்தான் ஆடுவான்" என்பது உங்கள் அடுத்த பதில். இதற்கு நம் மேற்கு எல்லையே சாட்சி. தமிழ்நாட்டில் 1968-ல் அண்ணா காலத்தில் அரசு லாட்டரி வந்தது, 2003 ஜனவரியில் எல்லா லாட்டரியும் தடை செய்யப்பட்டது. கேரளத்தில் 1967-ல் அரசே லாட்டரித் துறை தொடங்கியது, இன்றுவரை நிற்கவில்லை. களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலைப் பக்கத்து லாட்டரிக் கடைகளில் வந்து நிற்கிற கூட்டத்தில் தமிழ் பேசுகிறவர்கள் எவ்வளவு பேர் என்று ஒருநாள் நின்று பாருங்கள். ஓணம் பம்பர் சமயத்தில் 500 ரூபாய் டிக்கெட்டை நாலைந்து பேர் பங்கு போட்டு வாங்குகிறார்கள். கொத்தனார், சுமைதூக்குபவர், வள்ளத்தில் போகிறவர். யாரோ ஒருவருக்கு 25 கோடி விழும் செய்தி எல்லோருக்கும் தெரியும், வாரம் முழுக்கக் கூலியில் கழித்துக் கொடுத்த பணம் யார் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. பக்கத்து மாநிலத்தின் சட்டமே நம் விளவங்கோட்டுக் கூலியை இப்படி இழுக்க முடிகிறது என்றால், நம் சொந்தக் கரையில் நிற்கும் கப்பல் எவ்வளவு இழுக்கும்?

அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த சூதாட்டத் தாக்கம் பற்றிய தேசிய ஆணையம் 1999-ல் அறிக்கை கொடுத்தது. கேசினோவிலிருந்து 50 மைலுக்குள் வசிப்பவர்களிடையே சூதாட்டப் பிரச்சினை உள்ளவர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தார்கள் என்கிற ஆய்வு அதில் வருகிறது. 50 மைல் என்றால் 80 கிலோமீட்டர். கன்னியாகுமரிப் படகுத்துறையில் ஒரு புள்ளி வைத்து 80 கிலோமீட்டருக்கு வட்டம் போடுங்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை எல்லாம் உள்ளே வந்துவிடும். 2011 கணக்கெடுப்பில் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர் இருந்த மாவட்டம் இது. கோவாவுக்குப் போக நம் ஆளுக்கு ரயில் டிக்கெட்டும் விடுப்பும் வேண்டும். கன்னியாகுமரிக்கு ஒரு பஸ் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "அதிர்ஷ்டம் இருந்தால் வெல்லலாமே" என்கிறார்கள். ரூலெட் என்பது, சுற்றும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் கட்டும் ஆட்டம். சக்கரத்தில் 37 எண்கள். ஒரு எண்ணில் 100 ரூபாய் கட்டி அது விழுந்தால், கட்டிய பணத்தோடு 3,500 ரூபாய் தருவார்கள். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டுமென்றால் 3,600 தர வேண்டும். அந்த வித்தியாசம்தான் கப்பல்காரரின் பங்கு, கட்டுகிற ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு. சின்னத் தொகைதானே என்று தோன்றும். ஆனால் ஒரு மணி நேரத்தில் 40 தடவை சக்கரம் சுற்றி, ஒவ்வொரு தடவையும் ஒருவர் 500 கட்டினால், 20,000 ரூபாய்க்கு ஆடிவிட்டார். பத்தாயிரத்தோடு உள்ளே போனவர் அதையே திரும்பத் திரும்பக் கட்டுகிறார், ஒவ்வொரு சுற்றிலும் பங்கு கழிகிறது. நேரம் கூடக்கூட முடிவு நிச்சயமாகிறது. அதனால்தான் அங்கே கடிகாரமும் ஜன்னலும் கண்ணில் படாதபடி கூடத்தைக் கட்டுவது வழக்கம்.

இது கணக்கு ஒழுங்காக நடக்கும் ஆளுக்கு. தோற்றவர் விட்டதைப் பிடிக்க இரட்டிப்பாகக் கட்டுவார், அங்கிருந்துதான் நோய் ஆரம்பம். 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் சூதாட்ட அடிமைத்தனம், போதைக்கு அடிமையாவதோடு ஒரே பிரிவில் இருக்கிறது. குடிக்கிறவருக்கு உடம்பே ஓர் எல்லை போட்டுவிடும், ஒரு கட்டத்தில் விழுந்துவிடுவார். சூதாடுகிறவருக்குக் கடன் கிடைக்கும் வரை எல்லை கிடையாது. வாயில் வாடை இல்லை, தள்ளாட்டம் இல்லை, வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2010-ல் மதிப்பிட்டபடி, அந்த நாட்டுச் சூதாட்ட மெஷின்களில் செலவாகும் பணத்தில் சுமார் 40 சதவீதம் இப்படிச் சிக்கிக்கொண்டவர்கள் கட்டியது. அவர்கள் எல்லோரும் நாளைக்கே குணமாகிவிட்டால் அந்தத் தொழில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இதைப் படித்த பிறகு "பொறுப்பான சூதாட்டம்" என்கிற வார்த்தை மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

கோவாவுக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் காட்டுவது அதைத்தான். அங்கே 1992-ல் ஐந்து நட்சத்திர விடுதிகளுக்குள் ஸ்லாட் மெஷின்களை மட்டும் அனுமதித்தார்கள். 1996-ல் கப்பல்களில் மேசை ஆட்டங்கள். இன்று பனாஜியில் மாண்டவி ஆற்றில் கேசினோக் கப்பல்கள் வரிசையாக நிற்கின்றன. எதிர்க்கட்சியாக இருக்கும்போது அகற்றுவோம் என்று போராடியவர்கள், ஆட்சிக்கு வந்ததும் ஆற்றில் நிற்பதற்கான அனுமதியை நீட்டித்தார்கள். இது ஒருமுறை நடந்ததோடு முடியவில்லை. அப்புறம் 2020 பிப்ரவரி 1 முதல், கோவாக்காரர்கள் யாரும் கேசினோவுக்குள் ஆடப் போகக் கூடாது என்ற தடையை அந்த மாநில அரசே அமலுக்குக் கொண்டுவந்தது. சிக்கிமிலும் உள்ளூர்க்காரர்களுக்குத் தடை. நேபாளத்திலும் சொந்தக் குடிமக்களுக்குத் தடை. தன் மக்களை உள்ளே விடப் பயப்படுகிற அரசுகளிடமிருந்துதான் இந்தத் தொழிலை நாம் கற்றுக்கொள்ளப் போகிறோமா? நம் ஊரிலும் அப்படித் தடை போட்டுவிடலாமே என்பீர்கள். கோவாவில் அந்தத் தடை செயலுக்கு வர முதல் அனுமதியிலிருந்து 28 வருடங்கள் ஆனது. ஒரு தலைமுறை வளர்ந்து கல்யாணம் கட்டும் காலம்.

தென்கொரியாவின் கதை நம் நிலைமைக்கு இன்னும் நெருக்கம். ஜோங்சான் என்ற மலைப்பகுதி நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி இருந்தது. சுரங்கங்கள் மூடிப்போனதும் மக்கள் தங்களுக்கு ஒரு வாழ்வு கேட்டார்கள், 1995-ல் தனிச் சட்டம் வந்தது, 2000-ல் காங்வான் லேண்ட் கேசினோ திறந்தார்கள். கொரியர்கள் ஆடுவதற்கு அனுமதியுள்ள ஒரே கேசினோ அதுதான். ஊரைக் காப்பாற்றக் கொண்டுவந்த அந்தக் கேசினோவைச் சுற்றி இன்று அடகுக் கடைகள் வரிசையாக முளைத்திருக்கின்றன. ஆட வந்தவர்கள் காரை வைத்துப் பணம் வாங்கி, மீட்க வழியில்லாமல் விட்டுப்போன கார்கள் அங்கே நிற்கின்றன. அந்த வட்டாரத்து மக்கள் மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் உள்ளே போகலாம் என்று விதி. பத்து வருடத்துக்கென்று போட்ட சட்டத்தை நீட்டி நீட்டி இப்போது 2045 வரை கொண்டுபோயிருக்கிறார்கள். நகைக்கடன் மேசையில் இருந்தவனுக்கு அந்த அடகுக் கடை வரிசை என்ன சொல்கிறது என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

சரி, ஊர் எப்படியோ போகட்டும், உங்கள் வியாபாரமாவது செழிக்குமா? கோவாவின் கேசினோக் கப்பல்களில் நுழைவுக் கட்டணத்திலேயே சாப்பாடும் மதுவும் சேர்ந்திருக்கிறது. ஆடுகிறவரை வெளியே விடாமல் வைத்திருப்பதுதான் அந்தத் தொழிலின் அடிப்படை. அப்படியிருக்க உங்கள் ஓட்டலில் மீன்சாப்பாடு சாப்பிட யார் வருவார்? சங்குக் கடைக்கும் முத்துமாலைக் கடைக்கும் யார் போவார்? அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியும் நம்மைப்போல ஒரு பழைய கடற்கரைச் சுற்றுலா ஊர். ஓய்ந்துகொண்டிருந்த ஊரை எழுப்ப 1976-ல் மக்கள் வாக்களித்து, 1978-ல் முதல் கேசினோ திறந்தார்கள். ஊருக்குள் இருந்த சாப்பாட்டுக் கடைகள் பல அதன்பின் மூடிப்போயின. பக்கத்து மாநிலங்களும் கேசினோ திறந்ததும் போட்டி தாங்கவில்லை. 2014-ல் ஒரே வருடத்தில் 12 கேசினோக்களில் 4 மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 2016-ல் நகரத்தின் நிதி நிர்வாகத்தையே மாநில அரசு எடுத்துக்கொள்ளும் நிலை வந்தது. நமக்குக் கடல் தாண்டினால் கொழும்பு. அங்கே 2025 ஆகஸ்டில் பிரம்மாண்டமான ஒரு புதுக் கேசினோ வளாகம் திறந்தாகிவிட்டது. பெரும்பணக்காரர் அங்கே போவார். நம் கப்பலுக்கு மிஞ்சுவது யார்?

சிங்கப்பூரைக் காட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2010-ல் அங்கே இரண்டு கேசினோக்கள் திறந்தபோதே சொந்தக் குடிமக்களுக்கு ஒரு நாள் நுழைவுக்கு 100 வெள்ளி வரி போட்டார்கள், 2019-ல் அதை 150 ஆக்கினார்கள். குடும்பத்தார் விண்ணப்பித்து ஓர் ஆளை உள்ளே விடாமல் தடுக்கவும் வழி வைத்தார்கள். மூன்று நம்பர் லாட்டரியைத் தெருவோரம் விற்பதையே முழுதாக ஒழிக்க முடியாமல் திணறும் நாம், அந்தக் கண்டிப்பை எங்கிருந்து கொண்டுவருவோம்?

வேலை பற்றிச் சொல்கிறீர்கள். எழுத்தறிவில் 2011 கணக்குப்படி 91.75 சதவீதத்தோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் நம்முடையது. படித்துவிட்டு வளைகுடாவுக்கும் சென்னைக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீட்டில் கிழவனும் கிழவியுமாக உட்கார்ந்திருப்பது எனக்கும் வலிக்கிறது. சீனாவின் மக்காவ் நகரில் கேசினோ மேசைகளில் சீட்டுக்கட்டுப் போடும் வேலை உள்ளூர்க்காரர்களுக்கே ஒதுக்கப்பட்டது. பள்ளி முடித்ததும் நல்ல சம்பளம் கிடைக்க, பிள்ளைகள் மேற்படிப்பை விட்டுவிட்டு அங்கே போகிறார்கள் என்ற கவலை எழுந்தது. 2012-ல் கேசினோவுக்குள் நுழையவும் வேலைபார்க்கவும் வயதை 18-லிருந்து 21 ஆக்கினார்கள். அந்த நகரத்தின் வருவாயே சூதாட்டத்தை நம்பி நின்றதால், கொரோனாவில் ஆட்டம் நின்றதும் அரசின் கஜானாவும் கூடவே ஆட்டம் கண்டது.

எனக்கு மிகவும் பயமாக இருப்பது இந்தக் கடைசி விஷயம்தான். அரசு ஒரு வருமானத்தை ருசி பார்த்துவிட்டால் பிறகு விடாது. 2003 ஜனவரியில் லாட்டரியை மூடிய அதே அரசு, அதே வருடக் கடைசியில் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்தது. இன்று வருடத்துக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் அதிலிருந்து வருகிறது. மூடுவோம் என்று எத்தனை தேர்தலில் எத்தனை பேர் சொன்னார்கள்? கடை எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைப்பதே பெரிய செய்தியாகிறது. கேசினோவும் அந்த வரிசையில் சேர்ந்தால், அதன் வரியை எண்ணி ஒரு திட்டம் அறிவிப்பார்கள், அந்தத் திட்டத்தைக் காட்டிக் கேசினோவைக் காப்பாற்றுவார்கள்.

"ரெண்டு வருஷம் சோதனையாக நடத்திப் பார்ப்போம்" என்று ஒருவர் சொன்னார். ஏர்ல் கிரினோல்ஸ், டேவிட் மஸ்டார்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1977 முதல் 1996 வரையிலான அமெரிக்க மாவட்டங்களின் குற்றக் கணக்கை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார்கள். கேசினோ திறந்த முதல் சில வருடங்களில் குற்றம் பெரிதாகக் கூடவில்லை, அதற்குப் பிறகே ஏறியது என்பது அவர்கள் கண்டது. காரணம் எளிது. முதலில் சேமிப்பு போகும், அடுத்து நகை, அடுத்து ஒத்திப் பணம், அடுத்து சொந்தக்காரரிடம் கடன், கந்துவட்டி. இதெல்லாம் தீர்ந்த பிறகுதான் அடுத்தவன் பணத்தில் கை வைப்பான். ரெண்டு வருடச் சோதனையில் அறை நிரம்பியது மட்டும் தெரியும். நகை காலியானது தெரியாது, ஏனென்றால் அதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், சூதாட்டம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 34-வது இனம். முடிவு சென்னையில் எடுக்கப்படும். மகாராஷ்டிரத்தில் 1976-லேயே கேசினோச் சட்டம் போட்டும் அதை ஒருநாளும் அமலுக்குக் கொண்டுவராமல், 2023-ல் ரத்தே செய்துவிட்டார்கள். மேகாலயத்தில் 2021-ல் போட்ட சட்டத்தை, திருச்சபைகளும் மக்கள் அமைப்புகளும் எதிர்த்ததால் அடுத்த வருடமே திரும்பப் பெற முடிவு செய்தார்கள். கப்பல் வந்து நிற்பதற்கு முன்னால் தடுத்தவர்களால் முடிந்தது.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. சுற்றுலாத் துறைக்கு அடுத்து நீங்கள் அனுப்பும் கோரிக்கை மனுவில் கேசினோ என்ற வார்த்தை இருக்க வேண்டாம். இரண்டாவது, இந்தப் பேச்சை விடுதிக் கூட்ட அறைக்குள் மட்டும் வைத்துக்கொள்ளாமல், மகளிர் குழுக்களையும் மீனவர் ஊர்க் கமிட்டிகளையும் கூப்பிட்டு அவர்கள் முன்னால் பேசுங்கள். நகைக்கு உரியவர்கள் அவர்கள்.

விருந்தினரை இரண்டாவது இரவும் தங்கவைக்க நம்மிடம் வழி இல்லாமல் இல்லை. மாத்தூர் தொட்டிப்பாலம், பத்மநாபபுரம் அரண்மனை, சிதறால் சமணக் குன்று, திற்பரப்பு, வட்டக்கோட்டை, முட்டம் என்று ஒரு முழு நாள் சுற்றுக்குக் கன்னியாகுமரியிலிருந்தே கிளம்பும் நல்ல பேருந்துகள் கேளுங்கள். விடியற்காலையில் தோவாளைப் பூச்சந்தையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடல் கொந்தளிப்பில் படகு நிற்கும் நாளில் வந்தவர்களுக்கு என்ன காட்டுவது என்று ஒரு திட்டம் கேளுங்கள். கடற்கரையில் சுத்தமான கழிப்பறையும் இரவில் குடும்பத்தோடு நடக்க வெளிச்சமும் கேளுங்கள். இவற்றை எழுதிய மனுவாக இருந்தால் கையெழுத்து வாங்க நானே ஊர் ஊராக வருகிறேன். வரவு செலவுக் கணக்கு போட ஆள் வேண்டுமென்றாலும் கூப்பிடுங்கள்.

உங்கள் அன்புள்ள,
நாகர்கோவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற கூட்டுறவு ஊழியர் ஒருவர்